கம்பியில் மஞ்சள் நின்ற இடம்

என்னோடு சேர்ந்து எண்பதைத் தாண்டிவிட்டவர்களே, கண்ணுக்குச் சொட்டு மருந்தும் முழங்காலுக்குத் தைலமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் காது கொடுங்கள். எத்தனை வயதில் சோறு வடித்தோம், எத்தனை வயதில் தாவணி போட்டோம் என்று நீங்கள் பெருமை பேசும்போதெல்லாம் நான் சும்மா இருந்திருக்கிறேன். நான் பதினோரு வயதில் துப்பாக்கி கெட்டித்தவள். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்தக் காலத்தில் பெரியவர்கள் எப்படி இருந்தார்கள், நாம் எப்படி வாயைத் திறக்காமல் வளர்ந்தோம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க் கொல்லையில் நின்றால் செட்டிகுளத்து மலைக்கோயில் தெரியும். கரிசல் பூமி. பருத்தி, வரகு, சோளம், கிணறு உள்ளவர்களுக்குச் சின்ன வெங்காயம். எங்கோ தூரத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அதனால் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, நெருப்புப் பெட்டி கிடைக்கவில்லை, துப்பாக்கி மருந்து சுத்தமாகக் கிடைக்கவில்லை. பெரம்பலூர்க் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அப்பாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் குழல். பின்னால் தோட்டா சொருகுகிற சீமைத் துப்பாக்கி இல்லை. மருந்து, நார், ஈய ரவை எல்லாவற்றையும் குழல் வாய் வழியாகவே போட்டு, நீளமான இரும்புக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். காடை, கௌதாரி, முயல் அடிக்க அது போதும். லைசென்ஸ் அப்பா பெயரில்தான். ஆனால் ஒரு விஷக் காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மோர்ச் செம்பைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். அதனால் சுடுகிற வேலை எங்கள் வயல் காவல்காரருடையது.

'அவர்' என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் அவரை வாடா போடா என்று சொல்லவில்லை என்றாலும், 'வா', 'போ', 'அவன்' என்றுதான் சொன்னேன். அவருக்கு என் அப்பா வயது. அவர் என்னைப் 'பாப்பா, வாங்க' என்பார். நீங்களும் உங்கள் வீட்டில் அப்படித்தான் பேசியிருப்பீர்கள், என்னைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

காவல்காரரின் குறிமேல் அப்பாவுக்கு நம்பிக்கை உண்டு. கைமேல் கிடையாது. மருந்தைக் கொடுத்தால் பாதியை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவான் என்பார். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. துப்பாக்கியை வீட்டிலேயே கெட்டித்து, கூடவே ஒரே ஒரு கேப், அதாவது தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கிற சின்னச் செப்புத் தொப்பி, கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு வெடி, அவ்வளவுதான். சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். கம்பி வீட்டிலேயே இருக்கும். அப்பா கை நடுங்குகிறது, அம்மா அந்தச் சனியனைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள், தம்பி தவழ்கிற குழந்தை. பாக்கி இருந்தது நான்தான்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து ஒரு மாட்டுக்கொம்பில் இருக்கும். மூடியைத் திறந்தால் கந்தகமும் கரியும் கலந்த வாசனை மூக்கைக் குத்தும். மூங்கிலில் வெட்டிய சின்னக் குழாய்தான் அளவு. அதில் தலைதட்டி எடுத்து, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, குழலுக்குள் கொட்ட வேண்டும். அதன்மேல் தேங்காய் நார் உருண்டை ஒன்று. கம்பியால் இடிக்க ஆரம்பித்தால் முதலில் 'பொத் பொத்' என்று இருக்கும். மருந்து இறுகியதும் கம்பி கையிலிருந்து எகிறும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். பிறகு மிளகில் பாதி இருக்கிற ஈய ரவைகளை அதே குழாயால் அளந்து போட்டு, மேலே இன்னொரு நார் உருண்டை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். கௌதாரிக் கறி தின்னும்போது அந்த ரவை பல்லில் கடிபடும். இலை ஓரத்தில் எடுத்து வைப்போம். அப்பா அதையும் கழுவி டப்பாவில் போடச் சொல்வார்.

வெறும் குழலுக்குள் கம்பியை விட்டால் ஒரு பிடி மட்டும் வெளியே நிற்கும். சரியாகக் கெட்டித்தால் அந்தப் பிடிக்கு மேல் நாலு விரல் கூடுதலாக நிற்கும். கெட்டிக்கும் முன்னால் ஒருமுறை கம்பியை இறக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே மருந்துக் கொம்பைத் தொட வேண்டும். இது அப்பா போட்ட சட்டம்.

மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துதான் கெட்டிப்பேன். கொட்டகைக்கு இடுப்பளவு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காவல்காரரின் மகள் நிற்பாள். அவளுக்கும் என் வயதுதான். உள்ளே வர மாட்டாள், வரவும் கூடாது. நார் உருட்டிக் கொடுப்பது அவள் வேலை. அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். நாரைப் பிய்த்து, எச்சில் தொடாமல் தண்ணீர் தொட்டு, உள்ளங்கையில் உருட்டி, குழல் வாய்க்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சரியாகச் செய்து சுவர்மேல் வைப்பாள். நான் இடிக்க இடிக்க எண்ணிக்கொண்டே இருப்பாள். தனியாக இருக்கும்போது என்னை 'நீ' என்பாள். அம்மாவின் தலை தெரிந்தால் 'நீங்க' ஆகிவிடும்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் காவல்காரர் வெறுங்கையோடு திரும்பினார். ஒன்றும் கண்ணில் படவில்லை. முன்பெல்லாம் இப்படி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காலி செய்துவிடுவார்கள். மருந்துப் பஞ்சம் வந்தபின் அப்பா அதை நிறுத்திவிட்டார். கேப்பை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைக் கெட்டித்தபடியே ஆணியில் மாட்டினார். கம்பியைத் துப்பாக்கியோடு சேர்க்காமல் பக்கத்து ஆணியில் தனியே தொங்கவிட்டார். எங்கள் வீட்டு அடையாளம் அது. கம்பி துப்பாக்கியோடு இருந்தால் வெறும் குழல். தனியே தொங்கினால் உள்ளே மருந்து இருக்கிறது. அப்போது நான் அத்தை வீட்டில் பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன். அவர் மாட்டியதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் பூசை. ஏர்க்கொழு, அரிவாள், களைக்கொத்து, உலக்கை, படி, மரக்கால் எல்லாம் கழுவி வரிசையாக வைத்தாகிவிட்டது. துப்பாக்கியும் உண்டு. பூசைக்கு வைக்கிற கருவி குறையில்லாமல் முழுசாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. பிடியில்லாத அரிவாளைக்கூட வைக்க விட மாட்டாள். அவளே கம்பியை எடுத்து, முழுக்க மஞ்சள் பூசி, காயவிட்டு, துப்பாக்கிக் குழலுக்கு அடியில் அதன் இடத்தில் சொருகினாள். பொட்டு வைத்தாள். பூசை முடிந்ததும் உருவித் தொங்கவிடலாம் என்று நினைத்திருப்பாள். ஆனால் பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது.

தொடக்கூடாது, ஆனால் மறுநாள் காலையில் ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது தொழிலுக்கு எடுக்க வேண்டும். கலப்பை ஒரு சால் ஓட்ட வேண்டும், உலக்கை ஒரு குத்துக் குத்த வேண்டும், துப்பாக்கி ஒரு வெடி வெடிக்க வேண்டும். அப்பா விடிந்ததும் வெங்காயக் காட்டில் ஏர் பூட்டப் போய்விட்டார். போகும்போது அம்மாவிடம் துப்பாக்கி தயாராக இருக்கிறது, கேப்பை எடுத்துக் கொடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பசு கன்று போட ஆரம்பித்துவிட்டது. அம்மா இரண்டு கையும் ரத்தமுமாக இருந்தாள். இடுப்புச் சாவியை எடுத்துக்கொள்ளச் சொல்லி, "பெட்டியத் தொறந்து காவக்காரனுக்குத் துப்பாக்கி குடுத்து அனுப்பு" என்றாள். கேப்பும் மருந்தும் ஒரே பெட்டியில்தான் இருந்தன. கெட்டித்துக் கொடுக்கச் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கம்பி துப்பாக்கியோடு இருந்தது. அப்படியென்றால் வெறும் குழல்.

கம்பியை இறக்கிப் பார்க்க வேண்டும் என்ற சட்டம் எனக்குத் தெரியும். அன்றைக்கு இறக்கிப் பார்க்கவில்லை. ஏன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. கன்றுக்குட்டி எழுந்து நிற்பதைப் பார்க்க ஓட வேண்டும். அதற்கு முன் வேலை முடிய வேண்டும்.

கொட்டகையில் பசு இருந்ததால் அன்று வெளியே, சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். மருந்து போட்டேன். அவள் நார் கொடுத்தாள். இடித்தேன். ரவை போட்டேன். அவள் இரண்டாவது நார் கொடுத்தாள். அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். கம்பி மஞ்சள் மஞ்சளேர் என்று உயரமாக நின்றது. பிடிக்கு மேல் நாலு விரல் இல்லை. அதற்கும் மேலே இன்னொரு நாலு விரல்.

"என்னடி இவ்ளோ நிக்குது?" என்றாள் அவள்.

உள்ளே ஏற்கெனவே மருந்து இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியென்றால் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா அப்பாவிடம் சொல்வாள், ஒரு குழாய் மருந்தை வீணாக்கினேன் என்று முதுகில் விழும், இனிமேல் கொம்பைத் தொட விட மாட்டார்கள்.

"நார பெருசா உருட்டிட்ட நீ. அதான்" என்றேன்.

"எப்பவும் போலத்தானே உருட்டுனேன்."

"பெருசுதான்" என்றேன். கம்பியை உருவிக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்ற காவல்காரரிடம் கொடுத்தேன். கேப்பை உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல நாளில்லையா. கன்றுக்குட்டி கிடேரி என்று சொன்னேன். சந்தோஷம் பாப்பா என்று சிரித்துவிட்டுப் போனார்.

எங்கள் துப்பாக்கிச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் கேட்டது அந்தச் சத்தம் இல்லை. கிணறு வெட்டுகிற இடத்தில் பாறைக்கு வெடி வைப்பார்களே, அப்படி. மாடு மிரண்டது. கொஞ்ச நேரத்தில் வரகுக் கொல்லைப் பக்கமிருந்து அவர் நடந்து வந்தார். இடது கையைத் தலைத்துண்டில் சுற்றியிருந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு. வலது கையில் துப்பாக்கியைப் பிடித்திருந்தார். அதைக் கீழே போட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை, பாருங்கள். குழல் அடிப்பக்கம் வாழைப்பூ மடல் மாதிரிப் பிளந்திருந்தது.

அப்பா காட்டிலிருந்து ஓடி வந்தார். காவல்காரர் அவரிடம் முதலில் சொன்னது தன் கையைப் பற்றி இல்லை. "கொழலு கிழிஞ்சு போச்சுங்கய்யா" என்றார். பிறகுதான் அப்படியே உட்கார்ந்தார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டச் சொன்னார் அப்பா. காளைகளைப் பிடித்து வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து, என்னிடம் கம்பி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். குழலுக்குள் போன மட்டும் கம்பியில் மஞ்சள் போய்க் கரி ஏறியிருந்தது. வெளியே நின்ற பாகத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மஞ்சளை அளந்தார். ஒரு பிடி. பிறகு நாலு விரல். பிறகு இன்னொரு நாலு விரல். அப்புறம் தோள்துண்டை எடுத்துக் கம்பியை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். மஞ்சளும் போயிற்று, கரியும் போயிற்று. பளிச்சென்று ஆன கம்பியை மூலையில் சாத்திவிட்டு வெளியே போனார். என்னைப் பார்க்கவில்லை.

வாசலில் ஊர் கூடியிருந்தது. "கெணத்து மருந்தக் கலந்திருக்கான்" என்றார் அப்பா. "இவன் மச்சான் கெணத்துக்கு வெடி வக்கிறவன்தானே. ஒரு வெடிக்கு ரெண்டு வெடியா அடிக்கலாம்னு ஆசை."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சத்தம் கிணற்று வெடி மாதிரி இருந்ததை அவர்களும் கேட்டிருந்தார்கள். காவல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கெட்டிச்சுக் குடுத்தத அப்புடியே சுட்டேங்கய்யா. நான் எதயும் போடலீங்க" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கெட்டித்துக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறைகூட என் பக்கம் கையைக் காட்டவில்லை. போலீசுக்குப் போகாமல் விடுகிறேன், அதுவே பெரிசு என்று அப்பா சொன்னதும் காவல்காரரின் மனைவி அப்பா காலில் விழுந்தாள். அப்பாவைத் தயாள குணம் உள்ளவர் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போய்விட்டன. விரல் போனதைவிடப் பேர் போனதுதான் அவரைக் கெடுத்தது. மருந்து திருடுகிறவன் என்று பேர் வாங்கிய ஆளை யார் காவலுக்கு வைப்பார்கள்? பூலாம்பாடிப் பக்கம் கேட்டுப் பார்த்தார். அவர் போவதற்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது.

நான் சொல்ல முயற்சி பண்ணவில்லை என்று இல்லை. அன்று மத்தியானம் அம்மா சோறு போட்டபோது, "அம்மா, நாந்தான் கெட்டிச்சேன். கம்பி தொப்பாக்கிலதான இருந்துச்சு" என்றேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. அகப்பையில் இருந்த குழம்பு இலைக்கு வெளியே சொட்டியது. "பேசாம சாப்புடு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குப்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கம்பியைச் சொருகியவள் அவள் என்பது அப்போது என் புத்திக்கு ஏறவில்லை. அவள் அதற்குப்பிறகு எந்த ஆயுத பூசையிலும் தன் கையால் மஞ்சள் பூசவில்லை. அத்தையைக் கூப்பிட்டுக்கொள்வாள்.

அப்பாவின் காரியம் புரிய இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. என் மூத்த மகன் பள்ளிக்கூடத்தில் செய்த ஒரு தப்பு பியூன் தலையில் விழுந்தது. உங்கள் மகனுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டுத் தலைமையாசிரியர் எழுதிய கடிதத்தை நான் கிழித்து அடுப்பில் போட்டேன். போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபோது துண்டும் கம்பியும் ஞாபகம் வந்துவிட்டன. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அளந்து பார்த்து, தெரிந்துகொண்டு, துடைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனார். எனக்காகச் செய்தாரா, லைசென்சுக்காகச் செய்தாரா என்று கேட்க அவர் உயிரோடு இல்லை. மறுநாளே பள்ளிக்கூடம் போய் மகன் செய்ததைச் சொன்னேன். அவன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் விஷயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். காவல்காரர் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவள் மண்சுவர் ஓரம் வந்து நின்றாள். தலையில் ஒரு சட்டி, அதற்குள் ஒரு கோழி. யாருமே இல்லை, இருந்தாலும் என்னை 'நீங்க' என்றாள்.

"நான் நார பெருசா உருட்டிட்டேன்னு சொன்னீங்களே. அதனாலதான் எங்கப்பாக்கு இப்புடி ஆச்சா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியல" என்றேன். அவள், அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய அம்மாவின் ஊர் உடையார்பாளையத்துக்குக் கிழக்கே எங்கோ இருந்தது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, முந்திரிக்கொட்டை பொறுக்குகிற பெண்களில் என் வயதுக்காரிகளிடமெல்லாம் விசாரித்தேன். துப்பாக்கி வெடித்துக் கைவிரல் போன ஒருத்தரின் மகள் என்று சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னை இழுத்து வந்துவிட்டார்கள்.

அவளும் எண்பதைத் தாண்டியிருப்பாள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் ஒருத்தி அவளாக இருக்கலாம். அல்லது உங்களில் யாருடைய தெருவிலாவது அவள் இருக்கலாம். இருந்தால், அவள் காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். உன் அப்பா மருந்து திருடவில்லை. கெட்டித்த குழலில் மறுபடி கெட்டித்துக் கொடுத்தது நான். நீ உருட்டிக் கொடுத்த நார் எப்போதும்போலச் சரியாகத்தான் இருந்தது.